கேட்கக்கூடாத கதை

அந்தத் திரளி மீன்கள் ஐஸில் கிடந்தவை என்பது செவுளைத் தூக்கிப் பார்த்ததுமே றோஸுக்குத் தெரிந்துவிட்டது. கரைக்கு வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாத மீனின் செவுள் எப்படி இருக்கும் என்று குருநகரில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவற்றின் செவுள் வெளிறிக் கிடந்தது. கண் குழி விழத் தொடங்கியிருந்தது. சதையை அமத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது.

"நல்ல மீன்," என்றாள்.

"ஓம். மாதகல் பக்கம் இப்ப திரளி படுது," என்றான் அவள் கணவன் லெனாட். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவன் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டை மேர்சிக்குக் குடுத்துவிடு."

அவன் கழற்றிப் போட்ட சாரத்தை றோஸ் எடுத்து வாளிக்குள் போட்டாள். அதில் எஞ்சின் எண்ணெய் மணக்கவில்லை. கடலுக்குப் போய் வந்த சாரம் காய்ந்ததும் உப்புப் பொரிந்து மட்டை மாதிரி நிற்கும். இது வீட்டில் கட்டிய சாரம் போலத் துவண்டு கிடந்தது.

நான்கு மாதமாக இப்படித்தான். விடியப்புறம் நான்கு மணிக்கு மோட்டச்சைக்கிளை உதைத்துக்கொண்டு போவான். மாதகலில் ஒருவரின் போட்டில் மூன்றாவது ஆளாகத் தொழிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். காலை ஏழரைக்கெல்லாம் மீனோடு வந்துவிடுவான். புதன்கிழமைகளில் மட்டும் மத்தியானம் ஆகும். கிழிந்த வலை பொத்த நின்றேன் என்பான்.

லெனாட்டும் கிறகோரியும் முப்பத்தொரு வருஷம் ஒரே போட்டில் போனவர்கள். போன கார்த்திகையில் மண்டைதீவுக்கு அப்பால் காற்று திடீரென்று எழும்பிப் போட்டைப் பிரட்டிவிட்டது. லெனாட்டை மற்றொரு போட்டில் வந்தவர்கள் கண்டு தூக்கினார்கள். கிறகோரியின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. போட் அதிகம் சேதமில்லாமல் திரும்பக் கிடைத்தது. எஞ்சினையும் திருத்தியாயிற்று. ஆனால் போட் கரையில், தென்னோலைக் கிடுகு மூடியபடியே கிடந்தது. முதலில் எஞ்சின் இன்னும் சரியில்லை என்றான். பிறகு காற்றுச் சரியில்லை என்றான். சித்திரை பிறந்ததும் இந்த மாதகல் கதையைத் தொடங்கினான்.

றோஸ் மீனை வெட்டிக் கழுவி மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்துவிட்டு, மிச்சம் இரண்டையும் ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனாள்.

கிறகோரியின் மனைவி மேர்சி முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தாள். ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு எழும்பிச் சட்டியை வாங்கினாள். அவளும் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐஸ் மீன்," என்றாள் மேர்சி.

"ஓம்."

"எத்தினை மாசமா ஐஸ் மீன்தான் வருது. நான் ஒண்டும் கேக்கேல்லை அக்கா. அண்ணை மினக்கெட்டு அனுப்புறார், சமைச்சுச் சாப்பிடுறன்." சட்டியைக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தாள். "அவர் போன கிழமையும் படலையடி மட்டும் வந்தவர். நான் எழும்பிப் போறதுக்கிடையிலை மோட்டச்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிட்டார். உள்ளை வரச் சொல்லுங்கோவன். நான் அவரை ஒண்டும் பேசமாட்டன்."

"சொல்லுறன்," என்றாள் றோஸ்.

ஆனால் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதை வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். றோஸ் 'ஒத்தாசை' உளவளத்துணை நிலையத்தின் இயக்குநர். கடல் வந்து ஊரை அடித்த அடுத்த வருஷம், தேவாலயத்தின் பின் அறை ஒன்றில் இரண்டு கதிரையும் ஒரு மேசையுமாக அவள் தொடங்கியது அது. இப்போது யாழ்ப்பாணத்திலும் சுன்னாகத்திலும் பண்டத்தரிப்பிலும் கந்தோர்கள் இருந்தன. முப்பத்தொரு பேர் வேலை செய்தார்கள். குடியை விட முடியாதவர்கள், அடி வாங்கும் பெண்கள், காணாமற்போன பிள்ளைக்காக இன்னும் சோறு எடுத்து வைக்கும் தாய்மார், பூச்சிமருந்து குடித்துத் தப்பியவர்கள், எல்லாரும் வந்தார்கள். எட்டு வருஷமாக றோஸ் ஆட்களைத் தனித்தனியாக இருத்திக் கேட்பதில்லை. அவளுடைய நாள், யார் லீவு, எந்த வானுக்கு டயர் இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டவரை எந்தக் கந்தோரில் பார்ப்பது, அழுது களைத்துப்போன உத்தியோகத்தரை எத்தனை நாள் வீட்டில் நிற்பாட்டுவது என்றே போய்க்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் லெனாட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, "இப்ப உங்களுக்கு என்ன மாதிரி இருக்குது?" என்று கேட்டிருந்தாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உந்தக் கந்தோர்க் கதையை என்னோடை கதைக்காதை றோஸ். நான் உன்ரை கேஸ் இல்லை."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

*

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று கந்தோர்களின் உளவளத்துணையாளர்களும் யாழ்ப்பாணத்தில் கூடுவார்கள். தங்களைக் குழப்புகிற ஒரு கேஸை ஒவ்வொருவரும் சொல்ல, மற்றவர்கள் கேட்டு யோசனை சொல்வார்கள். பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது. சொல்லப்படுவது தனக்குத் தெரிந்த ஆளின் கதை என்று பட்டால், இருப்பவர் உடனே எழும்பி வெளியே போக வேண்டும். இந்த விதிகளை எழுதியது றோஸ்தான்.

அன்று சோளகக் காற்று யன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கோப்புகளின் மேல் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பாரமாக வைத்திருந்தார்கள். நிவேதனாவின் முறை வந்தது. பண்டத்தரிப்புக் கந்தோருக்கு வந்து ஏழு மாதமான பிள்ளை. இருபத்தேழு வயது. கொப்பியைப் பார்த்துத்தான் வாசிப்பாள்.

"ஒரு ஐயா வாறார். ஐம்பத்தெட்டு வயது. கடல்தொழில். அவரோடை கனகாலம் தொழிலுக்குப் போன கூட்டாளி கடலிலை செத்திட்டார். அதுக்குப் பிறகு இவர் கடலிலை கால் வைக்கேல்லை. ஆனால் வீட்டிலை அதைச் சொல்லேல்லை. விடிய வெளிக்கிட்டுப்போய்க் கரையிலை இருந்திட்டு, மீன் வாங்கிக்கொண்டுபோய்த் தான் பிடிச்சது எண்டு குடுக்கிறார்."

றோஸ் அந்த இடத்திலேயே எழும்பியிருக்க வேண்டும். அவள் எழும்பவில்லை.

"ஏன் வீட்டிலை சொல்லேல்லை எண்டு கேட்டன். 'என்ரை மனிசி நாள் முழுக்க ஊரின்ரை கவலையைக் கேட்டுக் களைச்சு வாறவ. படலையைத் திறந்து வரேக்கை அவவின்ரை முகத்தைப் பாத்தால் தெரியும். வீட்டுக்குள்ளையும் ஒரு நோயாளியை வைச்சிருக்கிற மாதிரி அவவுக்கு இருக்கக்கூடாது' எண்டார்." நிவேதனா தாளைத் திருப்பினாள். "அஞ்சாவது தரம் வரேக்கைதான் மற்றதைச் சொன்னவர். கூட்டாளியின்ரை கையைத் தான் பிடிச்சிருந்ததாம். தான்தான் விட்டதாம். ஏன் விட்டது எண்டால்…"

"நிப்பாட்டு பிள்ளை," என்றாள் றோஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"இதிலை நான் இருக்கக்கூடாது. சுபாங்கன், நீங்கள் நடத்துங்கோ."

பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

*

கூட்டம் முடிந்து சுபாங்கன் அவளுடைய அறைக்கு வந்தான். பதினான்கு வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன். கிறகோரியின் செத்தவீட்டுக்கு வந்து லெனாட்டின் பக்கத்தில் நின்றவன். அவனுக்கு விளங்கியிருந்தது.

"எவ்வளவு கேட்டனீங்கள் அக்கா?"

"கேக்கக்கூடாத அளவு. மீன் எண்டவுடனையே தெரியும். தெரிஞ்சும் இருந்தனான்."

"அந்த ஐயா ஆர் எண்டு நிவேதனாவுக்கு இன்னும் தெரியாது."

"சொல்லுங்கோ. அவவுக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்லேலாது."

"அவருக்குச் சொல்லத்தான் வேணுமோ?" சுபாங்கன் குரலைத் தாழ்த்தினான். "பேர் சொல்லேல்லை, ஊர் சொல்லேல்லை. நீங்கள் வீட்டிலை தெரியாத மாதிரி இருந்தால்…"

"தெரியாத மாதிரித்தானே நாலு மாசமா இருக்கிறன்." மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடினாள், திறந்தாள். "வந்து கதைக்கிற ஆளின்ரை கதை ஆரின்ரை காதுக்குப் போனது எண்டு அந்த ஆளுக்குத் தெரிய வேணும். எங்கடை பிள்ளையளுக்கு நான் அப்பிடித்தானே சொல்லிக்குடுத்தனான். என்ரை வீட்டுக்கு வேறை விதி இருக்கேலாது."

"சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார் அக்கா. ஒன்பது மாசத்துக்குப் பிறகு இப்பதான் வாய் திறந்திருக்கிறார்."

அதுதான் அவளுக்கும் பயம். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரண்ட் கம்பியில் சிக்கிய ஒரு பொலித்தீன் பை அடித்துக்கொண்டிருந்தது.

"வராட்டில் ஆஸ்பத்திரியிலை ஒரு டொக்டரோடை கதைச்சு வையுங்கோ. எந்த டொக்டர் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். புதன்கிழமை நிவேதனாவே சொல்லட்டும். அதுக்கு முந்தி நான் வீட்டிலை ஒண்டும் காட்டமாட்டன். இனி இந்தக் கேஸ் உங்கடை பொறுப்பு. நடந்ததை நிர்வாகசபைக்கு நான் எழுதிக் குடுக்கிறன்."

சுபாங்கன் போய்க் கொஞ்ச நேரத்தில் கதவடியில் நிவேதனா நின்றாள். அந்த ஐயா யார் என்று அவன் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சால்வைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, நான் பெரிய பிழை விட்டிட்டன்."

"நீ என்ன பிழை விட்டனீ? கூட்டத்திலை சொல்லவேண்டியதைத்தான் சொன்னனீ. எழும்பாமல் இருந்தது நான்." றோஸ் அவளைக் கதிரையில் இருத்தினாள். "நான் முப்பது வருஷம் பக்கத்திலை இருந்தும் என்னட்டைச் சொல்லாததை அந்த மனிசன் உன்னட்டைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு வடிவாக் கேட்டிருக்கிறாய். புதன்கிழமையும் அப்பிடியே இரு. அவர் கோவிச்சால் கோவிக்கட்டும். மறிக்காதை."

*

புதன்கிழமை வரும்வரை லெனாட் வழக்கம்போல மீன் கொண்டுவந்தான். சனிக்கிழமை ஒட்டி, திங்கட்கிழமை விளைமீன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து றோஸ் புட்டு அவித்தாள். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். இரண்டு பேரும் குசினியில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டார்கள்.

"நீ ஒண்டும் சாப்பிடேல்லை," என்றான் லெனாட்.

"சாப்பிடுறன்."

அவன் தன் தட்டிலிருந்த மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை அவளுடைய புட்டின் மேல் வைத்தான். "கந்தோரிலை ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு சின்னப் பிரச்சினை."

"நான் தேத்தண்ணி ஊத்துறன். நீ கொஞ்சம் படு."

அவன் இஞ்சி தட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி அவள் அறையில் கிடந்தாள். இத்தனை மாதமும் தான் வீட்டுக்கு வந்ததும் அவன் கிணற்றடிக்கோ படலையடிக்கோ எழும்பிப் போவதைத் தன்னை விலக்குவதாகவே அவள் எடுத்திருந்தாள். களைத்து வருகிறவளுக்கு இடம் விட்டு எழும்பினானாம். இதை அவளிடம் அவன் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறான். அவன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் வைத்தபோது, "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட வாய் உன்னியது. சுடச்சுடக் குடித்து அதை உள்ளே அனுப்பினாள்.

புதன்கிழமை அவள் சுன்னாகத்தில் நின்றாள். குடிப்பவர்களின் குடும்பங்களுக்கான கூட்டம். வெங்காயச் சந்தையிலிருந்து நேராக வந்த பெண்கள், கையில் தோல் ஒட்டியபடி இருந்து கதைத்தார்கள். றோஸ் தலையாட்டினாள், சிரித்தாள், இரண்டு தரம் ஒரே கேள்வியைக் கேட்டாள். பின்னேரம் பஸ்ஸில் வீடு வந்தபோது மோட்டச்சைக்கிள் முற்றத்தில் நின்றது. லெனாட் இல்லை. குசினியில் மீனும் இல்லை.

கரைக்குப் போனாள்.

அவன் தங்கள் போட்டின் விளிம்பில் இருந்தான். மூடியிருந்த கிடுகுகளை இழுத்து ஒரு பக்கம் போட்டிருந்தான். காற்று அவனுடைய சட்டையை முதுகோடு ஒட்ட வைத்தது. கடல் கலங்கித் தவிட்டு நிறத்தில் கிடந்தது. றோஸ் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அந்தப் பிள்ளை சொன்னது," என்றான்.

"ஓம்."

"எவ்வளவு கேட்டனீ?"

"மீன் வாங்கிறது. நான் களைச்சு வாறன் எண்டது. பிறகு, கையை விட்டது எண்டதுவரை. அதோடை எழும்பிட்டன். முந்தியே எழும்பியிருக்க வேணும்."

"ஏன் எழும்பேல்லை?"

"நீங்கள் கதைச்சு ஒன்பது மாசம். ஆரின்ரை வாயாலை வந்தாலும் காணும் எண்டு இருந்திட்டன்."

அவன் கோபத்தில் இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஐஸ் மீன் எண்டு எப்ப தெரியும்?" என்று கேட்டான்.

"முதல் நாளே."

"பிறகேன் நல்ல மீன், நல்ல மீன் எண்டு சொன்னனீ?"

"சமைக்க நல்லாத்தானே இருந்தது."

அவன் மூக்கால் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. முழங்கையால் முகத்தைத் துடைத்தான். றோஸ் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்கொண்டு கேக்க வேணும்," என்றாள். "எத்தினையோ இடம் இருக்கேக்கை ஏன் எங்கடை கந்தோருக்குப் போனீங்கள்? என்னட்டை மறைக்கிறதுக்கு என்ரை இடத்துக்கே போறதோ?"

"வேறை எங்கை போறது?" அவன் அதை விளக்கத் தேவையில்லாத ஒன்றைப் போலச் சொன்னான். "மாதகலிலையிருந்து வரேக்கை உங்கடை கந்தோரின்ரை பெயர்ப்பலகையைக் கண்டன். மூண்டு கிழமை கண்டுகொண்டு போனன். இருவது வருஷமா நீ அதைக் கட்டேக்கை பாத்துக்கொண்டுதானே இருந்தனான். நீ கட்டின இடம். பிழையாக் கட்டியிருக்கமாட்டாய் எண்டு போனன்."

றோஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "கதை வெளியிலை போட்டுதே."

"போனதுதான். ஆனால் வந்து சொல்லிச்சினம். அந்தப் பிள்ளை சொல்லுக்குச் சொல் தடக்குப்பட்டுச் சொல்லிச்சுது. எழும்பிப் போவம் எண்டுதான் நினைச்சன். பிறகு எனக்கே அவவைப் பாக்கப் பாவமாப் போச்சு. தண்ணி குடி பிள்ளை எண்டு நான்தான் சொன்னனான்."

கரையோரமாக இரண்டு பேர் ஒரு போட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். லெனாட் கையைத் தூக்கினான். அவர்களும் தூக்கினார்கள்.

"மிச்சத்தை எனக்குச் சொல்லுறீங்களோ?" றோஸ் கேட்டாள். கந்தோரில் கேட்கிற குரல் இல்லை அது. அவளுக்கே புதிதாக, கெஞ்சலாக வந்தது.

அவன் போட்டின் விளிம்பைக் கையால் தடவினான்.

"இல்லையப்பா. உனக்குச் சொல்லேலாது. சொன்னால் பிறகு விடிஞ்சாப் பொழுதுபட்டா உன்ரை முகத்திலை அதைப் பாத்துக்கொண்டிருக்க வேணும். அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறன். அவவைக் கிழமையிலை ஒருக்காப் பாத்தால் காணும்."

எத்தனையோ பேரின் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் றோஸ் இதைத்தான் சொல்லிவந்தாள். உங்களிட்டைச் சொல்லாததை எங்களிட்டைச் சொல்லுவினம், அதுக்காக உங்களிலை அன்பில்லை எண்டு நினையாதேங்கோ. எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்களின் நெஞ்சு எப்படிக் காந்தியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி," என்றாள்.

"கோவமோ?"

"கோவம் இல்லை. நோகுது. அது போயிடும்."

அவன் தன் கையை எடுத்து அவளுடைய கைக்குமேல் வைத்தான். இரண்டு பேரும் இருட்டுப்படும்வரை அங்கே இருந்தார்கள்.

"வாற புதன் என்னோடை வாறியோ?" என்று கேட்டான், எழும்பும்போது. "உள்ளை வேண்டாம். அந்தக் கந்தோர்வரை வந்தால் காணும்."

*

புதன்கிழமை றோஸ் லீவு போட்டாள். மோட்டச்சைக்கிளில் பின்னால் இருந்து லெனாட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் எத்தனையோ வருஷம். ஆனைக்கோட்டை தாண்டியதும் வயல்வெளியில் சோளகம் பக்கவாட்டில் வந்து தள்ளியது. செம்மண் தூசி கண்ணில் அடித்தது. மானிப்பாயில் நிறுத்திச் சர்பத் வாங்கிக் குடித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை மேர்சி வீட்டை போனனான்," என்றான் லெனாட், வீதியைப் பார்த்தபடி.

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி தந்தவ. குடிச்சன். பிறகு வலையின்ரை மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ அண்ணை எண்டு தந்தவ. பொழுதுபடும்வரை பொத்தினம்."

கடலுக்குத் திரும்பப் போவானா என்று அவள் கேட்கவில்லை. அவனும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பண்டத்தரிப்புக் கந்தோர் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. வரவேற்பு மேசையில் இருந்த இரத்தினம்மா இயக்குநரைக் கண்டதும் பதறி எழும்பினாள்.

"மிஸ்! சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியள். கோப்புகள் பாக்கவோ?"

"இல்லை இரத்தினம்மா, இருங்கோ. நான் இண்டைக்கு இவரோடை கூட வந்த ஆள்."

இரத்தினம்மா லெனாட்டைப் பார்த்தாள், றோஸைப் பார்த்தாள். பிறகு வழக்கமாக எல்லாருக்கும் காட்டுகிற வாங்கைக் காட்டினாள். "அப்ப உதிலை இருங்கோ மிஸ்."

நிவேதனா வந்து கதவைத் திறந்தாள். றோஸுக்குச் சின்னதாகத் தலையசைத்துவிட்டு, "வாங்கோ ஐயா," என்று லெனாட்டை அழைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

பழைய வீட்டின் உட்சுவர்கள் கூரைவரை எழவில்லை. வாங்கில் இருந்தவளுக்கு உள்ளே கதிரை இழுபடுவது கேட்டது. லெனாட் இருமினான். பிறகு அவனுடைய குரல், மெதுவாக ஆனால் தெளிவாக வந்தது.

"அண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிடேக்கை காத்து இல்லைப் பிள்ளை…"

றோஸ் எழும்பினாள். சுவரோரம் கிடந்த ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். வளவின் கோடியில் ஒரு மாமரம் நின்றது. அதன்கீழே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். தோட்டத்திலிருந்து நேரே வந்தவள் போல. கால் நகங்களில் செம்மண் இருந்தது.

"உள்ளை வேக்கை, என்ன?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லை. கதைக்கிறது கேக்குது."

அந்தப் பெண் விளங்கிக்கொண்டவளாகத் தலையாட்டினாள். "நானும் அதாலைதான் வெளியிலை வந்தனான். என்ரை மகள் மற்ற அறைக்குள்ளை. நீங்கள் ஆரோடை?"

"என்ரை மனிசனோடை."

"என்ன செய்யுது அவருக்கு?"

இப்படியான கேள்விகளுக்கு எழுதும் சொற்கள் கந்தோர்ப் படிவங்களில் நிறைய இருந்தன. பல சொற்களை றோஸே மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அவரின்ரை சிநேகிதன் கடலிலை செத்துப்போனார்," என்றாள். "அதைக் கதைக்கிறதுக்கு வந்திருக்கிறார்."

"வீட்டிலை உங்களோடை கதைக்கமாட்டாரோ?"

"கதைக்கிறவர். இதை மட்டும் இல்லை."

"என்ரை பிள்ளையும் அப்பிடித்தான்," என்றாள் அந்தப் பெண். தன் கதிரையை இழுத்து ஒரு பக்கம் ஒதுக்கி, நிழலில் றோஸுக்கும் இடம் விட்டாள். "இருங்கோ. ஒரு மணித்தியாலம் ஆகும்."

றோஸ் இருந்தாள். காற்றுக்கு மாவிலைகள் உரசிக்கொண்டிருந்தன. உள்ளே கதைப்பது எதுவும் இங்கே கேட்கவில்லை.